கூறைப் பட்டில் ஒரு சியோங்சாம்

உடை வடிவமைப்பாளர் என்ற பட்டம் எனக்குப் பிற்காலத்தில்தான் வந்தது. ஐம்பதுகளின் கடைசியில் நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு பெண்கள் உடைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது என்னைப் ‘படம் போடுற பொண்ணு’ என்றுதான் சொல்வார்கள். வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்து இப்படி வேண்டும், கை அப்படி வேண்டும் என்று சொல்லச் சொல்ல நான் பென்சிலால் தாளில் போட்டுக் காட்டுவேன். அவர்கள் சரி என்றால் அளவெடுப்பேன். பிறகு பழுப்புத் தாளில் வரைந்து, துணியையும் நானே வெட்டுவேன். தைக்க மாடியில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாளியம்மா சீனப் பெண்மணி, கணவரை இழந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேரும் மலாயில் பேசிக்கொள்வோம். அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டது.

எங்கள் வீடு தேக்காவில், கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. அங்கிருந்து கடைக்கு அரை மணி நேர நடை. எனக்கு யாரும் உடை வடிவமைப்பு சொல்லித் தரவில்லை. அந்த நடையில் கண்டதுதான் என் படிப்பு. சிராங்கூன் ரோட்டில் வாயில் சேலை கட்டிய பெண்கள் காய்கறிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போவார்கள். ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக வீட்டு வேலை செய்யும் சீனப் பெண்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் பாஜு கெபாயா போட்ட மலாய்ப் பெண்கள். அந்த மெல்லிய சட்டையை மூன்று ஊசிகளால் மட்டும் எப்படிப் பூட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நடந்து ஒருநாள் சாக்கடையில் கால் வைத்திருக்கிறேன். கடைக்கு அருகில் வந்தால் இடுப்பில் பெல்ட் போட்ட கவுன்களில் வெள்ளைக்காரப் பெண்கள். அரை மணி நேரத்தில் நான்கு தேசத்து உடைகளைப் பார்த்துவிடலாம். பஸ் ஏறினால் ஒரே இருக்கை வரிசையில் பார்க்கலாம்.

மதியச் சாப்பாடும் அப்படித்தான். என் டப்பாவில் புளிச்சோறு இருந்தால் முதலாளியம்மா பாதியை எடுத்துக்கொண்டு, தன் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருக்கும் உப்பு முட்டையில் பாதியை எனக்குத் தருவார். சில நாள் கடைவாசலுக்கு வரும் மலாய்ப் பெண்ணிடம் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு வாங்குவோம். அவர் வாழையிலையைக் கூம்பாக மடித்து, சோற்றையும் சம்பலையும் வைத்து, நூலோ குச்சியோ இல்லாமல் விளிம்பை உள்ளே செருகி மூடும் விதத்தை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். ஒரு கவுனின் தோள்பட்டையில் அந்த மடிப்பை வைத்துத் தைத்தபோது முதலாளியம்மா இது எந்தப் பத்திரிகையில் வந்தது என்று கேட்டார். நாசி லெமாக் பொட்டலத்தில் வந்தது என்று சொன்னேன். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஊரில் நல்ல பெயரும் கிடைத்தது. எனக்கு இருபத்துநான்கு வயது. என் கைக்கு எதுவும் வரும் என்ற நினைப்பு தலைக்கு ஏறியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வந்தாள்.

அவள் சீனப் பெண், மருத்துவமனையில் தாதி. ஒரு தமிழ் ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். அறுபதுகளின் தொடக்கத்தில் அது அப்படி ஒன்றும் கேள்விப்படாத விஷயம் இல்லை. ஆனாலும் இரு வீட்டிலும் கொஞ்ச நாள் பேச்சில்லாமல் இருந்து, பிறகு ஒருவழியாகச் சம்மதித்திருந்தார்கள். காலையில் கோவிலில் தாலி கட்டுவது, பிற்பகலில் பெண் வீட்டில் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் சடங்கு என்று ஏற்பாடு. அவள் ஒரு காகிதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே அரக்கு நிறத்தில் ஒரு காஞ்சிபுரம் பட்டு. ஒரு சாண் அகலச் சரிகைப் பார்டர். மாப்பிள்ளையின் தாயார் தந்தது என்றாள். தேநீர்ச் சடங்குக்கு இதில் ஒரு சியோங்சாம் தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். உயர்ந்த கழுத்துப்பட்டையும் பக்கவாட்டில் திறப்பும் வைத்து உடம்பை ஒட்டித் தைக்கும் சீனப் பெண்களின் நீளச் சட்டை அது. சீனர்களின் சிவப்பும் இதுதான், தமிழர்களின் சேலையும் இதுதான், இரண்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று ஆசைப்படுவதாகச் சொன்னாள்.

சேலையை விரித்தேன். உள்தலைப்பின் மூலையில் காசளவுக்கு மஞ்சள் தடவியிருந்தது.

அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்பதுதான் உண்மை. கூறைச் சேலைக்குத்தான் அப்படி மஞ்சள் வைத்துச் சாமி முன்னால் வைத்து எடுப்பார்கள். அந்தக் கடையில் அதைத் தெரிந்த ஒரே ஆள் நான். மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தெரியுமா என்று அவளிடம் கேட்டேன். தெரியும், அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் யோசிப்பாள், யோசித்தால் சேலையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்ற பயம். அதற்குள் என் மனசில் அந்தச் சட்டை பாதி தயாராகிவிட்டது.

காஞ்சிபுரம் பட்டில் சியோங்சாம் தைப்பது லேசான காரியம் இல்லை. அந்தச் சட்டை முழுக்க வளைவு. பார்டரோ நேர்கோடு, வளைக்க முடியாது. சரிகை கழுத்தில் பட்டால் அறுக்கும். மூன்று நாள் தாளில் வரைந்து வரைந்து பார்த்தேன். நான்காம் நாள் காலையில் நடந்து வரும்போது வழி தெரிந்தது. சேலையின் அகலம் நாற்பத்தாறு அங்குலம். அவள் குள்ளமான பெண். தோளிலிருந்து முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை அவளுக்கு நாற்பது அங்குலம்தான். சேலையின் அகலத்தையே சட்டையின் உயரமாக வைத்தால் பார்டர் தானாக விளிம்பில் வந்து, முழங்காலைச் சுற்றி ஒரே கோடாக நிற்கும். மேல் பார்டர் நாலு விரல்தான்; அதை வெட்டியெடுத்துக் கழுத்துப்பட்டைக்கு வைத்து, உள்ளே மெல்லிய பருத்தித் துணி கொடுத்தால் அறுக்காது.

மஞ்சள் பட்ட மூலையைத் தனியாக வெட்டி ஒதுக்கினேன். இரண்டரைக் கஜம் சட்டைக்குப் போயிற்று. முந்தானையோடு மூன்றரைக் கஜம் மிச்சம். ஒரு வாரத்தில் சட்டை தயாராகி, பொம்மைமேல் ஏறியது. அதைவிட நல்ல உடை நான் அதுவரை செய்ததில்லை. மாடியில் இருந்த மூன்று பேரும் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை மதியம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ் அம்மா கடைக்குள் வந்தார். கட்டம் போட்ட கைத்தறிச் சேலை, கையில் பிரம்புக் கூடை. அந்தக் கடைக்குச் சேலை கட்டிய பெண்கள் வருவது அபூர்வம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“நல்லவேளை, தமிழ் ஆளு இருக்கீங்க. என் மருமகளா வரப்போற பொண்ணு இங்க ஒரு பட்டுச் சேலை குடுத்திருக்கும். ரவிக்கை தைக்கத்தானே குடுத்திருக்கு? அதுக்கு ரவிக்கை எப்படின்னு சொல்லத் தெரியாது. அதான் நானே வந்துட்டேன்.”

பொம்மை எனக்குப் பின்னால் நின்றது. அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் போவதைக் கண்டேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக அதன் பக்கத்தில் போனார். பார்டரை விரலால் தடவினார். விளிம்பை மடித்து உள்பக்கத்தைப் பார்த்தார்.

“இது என் சேலை.”

“ஆமாம்மா.”

“யாரு வெட்டுனது?”

“நான்தாம்மா.”

“மஞ்சள் வெச்சிருந்துச்சே. பாக்கலையா?”

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார். ஏனோ அந்தப் பொய் வரவில்லை.

“பாத்தேன்.”

அவர் அளவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். குரலை உயர்த்தவே இல்லை. “அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. என் மகன் ஆம்பளை, அவனுக்கும் தெரியாது. நீ தமிழ்ப் பொண்ணு. ஒரு வார்த்தை என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம். வேணாம்னு சொல்லியிருப்பனோ என்னவோ. கேட்டிருக்கலாம்.”

முதலாளியம்மா ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக் குடித்துவிட்டு, அவருக்கு மலாயில் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை அந்தப் பெண் வந்தபோதுதான் நடந்தது முழுவதும் தெரிந்தது. அவள் மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறாள். சேலை உனக்குக் கொடுத்ததுதானே, அம்மா ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதைத்தான் அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். பொய் சொல்லவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகும்போது ‘சொல்லமாட்டார்கள்’ என்பது ‘சரி என்றார்கள்’ ஆகிவிட்டது. அவள் அழவில்லை. பொம்மையைப் பார்த்தபடியே ரொம்ப நேரம் நின்றாள். பிறகு, தப்பு என்னுடையது, நான் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

முதலாளியம்மா என்னிடம், கடை என்னுடையது, நான் வெட்டச் சொன்னேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிடு, அவர் கோபம் என்மேல் போகட்டும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் மஞ்சளைப் பற்றி அவருக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, அப்படியானால் நீதான் போகவேண்டும் என்று சொன்னார். மிச்சத் துணியை அவரே அழகாக மடித்து, சுத்தமான தாளில் சுற்றிக் கொடுத்தார். மஞ்சள் பட்ட துண்டை நான் தனியாக ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த அம்மாவின் வீடு நீசூனில். இன்று ஈசூன் என்று எழுதி, வீடமைப்புப் பேட்டையாக எல்லாருக்கும் தெரிந்த இடம். அன்றைக்கு அது எனக்கு வெளியூர் மாதிரி. தேக்காவில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தாம்சன் ரோடு தாண்டினாலே பயணம்தான். இரண்டு பஸ் மாறினேன். வீடுகள் குறைந்து மரங்கள் கூடின. இப்போது ஆங் மோ கியோவின் அடுக்குமாடிகள் நிற்கும் பக்கமெல்லாம் அப்போது காய்கறித் தோட்டமும் ரப்பர் மரமும் பன்றிப் பண்ணையும்தான். பஸ்ஸில் எனக்கு எதிரே ஒரு சீனக் கிழவர் கால்களுக்கு நடுவே இரண்டு வாத்துகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வாக்கியம் தயாரித்தேன். அடுத்த நிறுத்தத்தில் அதை அழித்தேன்.

ரப்பர் தொழிற்சாலைக்குப் பின்னால் வரிசை வீடுகள். மாப்பிள்ளையின் தகப்பனார் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவறிப்போனவர். மூன்றாவது கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் அந்தத் தாதிப் பெண் தரையில் உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். என்னைப் பார்த்துவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, “மாக்” என்று கூப்பிட்டாள். மலாயில் அம்மா என்று அர்த்தம். தமிழில் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இருவருக்கும் இன்னும் முடிவாகவில்லை போலிருக்கிறது.

அந்த அம்மா வந்து பார்த்தார். நான் பொட்டலத்தையும் உறையையும் நீட்டினேன். பஸ்ஸில் தயாரித்த வாக்கியங்கள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

“தெரிஞ்சுதாம்மா வெட்டுனேன். அந்தச் சட்டையைத் தைக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. அதனால கேக்கல.”

உறையைத் திறந்து மஞ்சள் துண்டைப் பார்த்தார். அதைச் சுவரில் இருந்த சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு வந்தார். மிச்சத் துணியை விரித்து, கையை நீட்டி நீட்டி முழம் போட்டார். ஒரு சுற்றுக்கும் கொசுவத்துக்கும் போதாது என்று அவருக்கே தெரிந்திருக்கும். நான் ஒரு யோசனை சொன்னேன். அதே நிறத்தில் வேறு பட்டு வாங்கி உள்சுற்றில் ஒட்டுப் போட்டால் கட்டும்போது வெளியே தெரியாது, மறுபடி ஆறு கஜம் ஆகிவிடும் என்றேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். தாலி ஏறும் நேரத்தில் ஒட்டுப் போட்ட சேலை வேண்டாமாம். துணியை மறுபடி மடித்தார்.

“இருக்கட்டும். பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டிக்கலாம்.”

பட்டுத் தொட்டிலில் பிள்ளை வழுக்கிவிடும் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். தரையில் பாய் போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். நெத்திலிச் சம்பல், முருங்கைக்கீரை, ரசம். கூடவே வெங்காயக் குழம்பில் தவ்க்குவா. சீனக் கடைகளில் விற்கும் சோயாக் கட்டியைப் பொரித்து, மிளகாய் அரைத்துவிட்டு, புளி ஊற்றிச் செய்திருந்தார். கறி வாங்க முடியாத நாட்களில் பக்கத்து வீட்டுச் சீனப் பெண் கொண்டுவந்து கொடுத்துப் பழக்கியதாம். இருபது வருஷமாக அந்த வீட்டுக் குழம்பில் அது இருக்கிறது. என் தட்டில் இரண்டாவது தரம் போடும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“அந்தச் சட்டை அசிங்கமா இருந்திருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன். நல்லாத்தான் தச்சிருக்க. அதான் ராத்திரியெல்லாம் எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு.”

அந்தப் பெண்ணுக்கு நான் இதை மலாயில் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாள். கையால் சாப்பிட அவளுக்கு அப்போதுதான் பழக்கமாகிக்கொண்டிருந்தது. சோறு விரலுக்கு நடுவே வழிந்தது. அந்த அம்மா அவள் கையைப் பிடித்து, விரலை இப்படிக் குவி என்று காட்டினார்.

கிளம்பும்போது, புதன்கிழமை சேலை எடுக்கச் சிராங்கூன் ரோட்டுக்கு வருகிறேன், நீயும் வா என்று என்னிடம் சொன்னார். முதலாளியம்மாவிடம் அரைநாள் லீவு வாங்கினேன்.

அந்த ஜவுளிக்கடை எனக்குப் பழக்கமானது. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். முதலாளி பெரியவர், தானே வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து சேலைகளைப் பிரித்துப் போடுவார். மூன்று பெண்கள் வந்து உட்கார்ந்ததும் அவருக்கு யார் யார் என்று விளங்கிவிட்டது. அரக்கு, மெரூன், குங்குமச் சிவப்பு என்று எடுத்துப் போட்டார். அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளினார், ஒன்றைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அப்போது கடைக்காரர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

“கட்டப்போற பொண்ணுக்கு என்ன கலர் புடிக்கும்?”

அந்த அம்மா பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். முதல் சேலையை எடுத்தபோது அவரும் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அந்த நிமிஷம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அதை நான் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அவர் திரும்பி, மலாயில், உனக்கு எந்த நிறம் வேண்டும், நீயே எடு என்றார்.

அவள் உடனே கை நீட்டவில்லை. விரித்துப் போட்டிருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, அலமாரியில் அடுக்கியிருந்ததைப் பார்த்தாள். எழுந்துபோய், நடு அடுக்கில் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். மங்கலான இளஞ்சிவப்பு, மெல்லிய சரிகை. கடைக்காரர் எடுத்துப் போட்டு, இது வெங்காய நிறம் என்றார். இந்த நிறத்துக்கு என்ன பேர் என்று அவள் என்னைக் கேட்டாள். “பாவாங்” என்றேன். மலாயில் வெங்காயம். வெங்காயத்தின் பேரில் ஒரு கல்யாணச் சேலையா என்று சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. எங்கள் கடைக்கு முதலில் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வெளுத்த மாதிரி இருக்கிறதே என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று நான் சேலையை வாசலுக்கு எடுத்துப் போனேன். வெயில் பட்டதும் அந்தத் துணிக்குள்ளிருந்து ஒரு செம்பு நிறம் எழுந்து வந்தது. அவள் தோளில் போட்டுப் பார்த்தோம். அவளுடைய நிறத்துக்கு அரக்கைவிட இதுதான் பொருந்தியது என்பது எந்தக் கண்ணுக்கும் தெரியும். அந்த அம்மா தூரத்தில் நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். “சரி, இதையே எடுப்போம்” என்றார். வீட்டுக்குப் போய் மஞ்சள் வைக்கும்போது அவளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாராம். அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

ரவிக்கையை நான்தான் தைத்தேன். கல்யாணத்தன்று காலையில் கோவில் பக்கத்து அறையில் சேலை கட்டிவிட்டதும் நான்தான். கொசுவத்தைச் செருகும்போது, மூச்சு விடலாமா என்று கேட்டாள். விடலாம், ஆனால் மெதுவாக விடு என்றேன். அவள் வீட்டிலிருந்து அம்மாவும் தம்பியும் மட்டும் கோவிலுக்கு வந்திருந்தார்கள். தகப்பனார் வரவில்லை. தாலி கட்டும்போது அவள் ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன்.

பிற்பகல், சைனா டவுனில் அவர்கள் வீட்டில் தேநீர்ச் சடங்கு. அங்கே தகப்பனார் இருந்தார், சுவரோரமாக ஒரு நாற்காலியில். மாடி அறையில் அவளுக்கு அந்தச் சியோங்சாமை மாட்டிவிட்டுக் கழுத்துப் பட்டனைப் போட்டேன். அவள் படியிறங்கி வந்தாள். ஒவ்வொரு படிக்கும் சரிகை முழங்காலைச் சுற்றி ஒருமுறை மின்னியது. முதலில் தகப்பனார் முன்னால் மண்டியிட்டுக் கோப்பையை நீட்டினாள். அவர் மகளைப் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்த்தார். எடுக்கமாட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. எடுத்தார். குடித்துவிட்டு, மாப்பிள்ளை நீட்டிய கோப்பையையும் எடுத்துக் குடித்தார். அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் எல்லாரும் ஒரே சமயத்தில் மூச்சுவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் அதில் நுனியில் உட்கார்ந்து, சர்க்கரை இல்லாத அந்தத் தேநீரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். படம் எடுப்பதற்கு எல்லாரும் நின்றபோது, குனிந்து, மருமகளின் சட்டை விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டார். நிமிர்ந்து என்னைத் தேடிப் பிடித்துச் சொன்னார்.

“எல்லாம் சரி. பக்கத்துல கிழிச்சு விட்டிருக்கியே, அதை ரெண்டு விரல் கீழ எறக்கியிருக்கலாம்.”

அடுத்த வருஷம் நான் கப்பலேறி மதராசுக்குப் போனேன். எங்கள் சித்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போன பயணம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, ஒரு வாரம் கடலையும் ஊறுகாய் ஜாடிகளையும் பார்த்துக்கொண்டு போனோம். ஊர்ப் பாசம் என்று எதுவும் இல்லை, நான் அங்கே பிறந்தவளும் இல்லை. நான் கத்திரிக்கோல் வைத்த துணி எப்படி உண்டாகிறது என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு நெசவு வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். இழையை ஓட்டும் மரநாடா பார்டருக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று. நெசவாளி ஒரு பக்கமிருந்து அனுப்ப, மறுபக்கமிருந்து இன்னொருவர் வாங்கி அனுப்ப, இழைக்கு இழை கோத்துக்கொண்டு போகிறார்கள். நாளெல்லாம் உட்கார்ந்து நெய்தது என் கைநீளம் இருந்தது. நெசவாளியின் மனைவி, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். நோட்டில் அந்தச் சியோங்சாமின் படத்தைப் போட்டுக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு எப்படிக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது என்று கேட்டார்.

திரும்பி வந்த பிறகும் நான் பட்டை வெட்டியிருக்கிறேன். பாத்திக், மலாய்க்காரர்களின் சரிகைத் துணியான சொங்கெட், சீனப் பட்டு எல்லாவற்றையும் வெட்டிக் கலந்து தைத்திருக்கிறேன். அறுபதுகளின் பின்பாதியில் அப்படிக் கலந்து தைப்பதற்கே என்னைத் தேடி வந்தார்கள். ஆனால் துணியை விரித்ததும், இது யார் எடுத்தது, அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் கத்திரிக்கோலை எடுப்பேன். சிலருக்கு எரிச்சல் வரும். ஒருமுறை புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஒரு தமிழ்ப் பெண், தன் தாயாரின் சேலையைக் கொண்டுவந்து, இரண்டு மகள்களுக்கும் பாவாடை தைக்கவேண்டும் என்றாள். வழக்கம்போலக் கேட்டேன்.

“அம்மா போன மாசம் தவறிட்டாங்க. யார்கிட்ட கேக்குறது?” என்றாள்.

சேலையை மடித்து அவள் மடியில் வைத்துவிட்டு, அவளுக்கு ஒரு கோப்பி வரவழைத்தேன். அவள் தன் தாயாரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். அவர் எந்தக் கடையில் நல்ல மீன் வாங்குவார், யாரோடு சண்டை, இந்தச் சேலையை எந்தக் கோவிலுக்குக் கட்டிக்கொண்டு போனார் என்றெல்லாம் சொன்னாள். நான் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பேசி முடித்துவிட்டு, கோப்பியின் அடியில் இருந்த சர்க்கரையைக் கரண்டியால் கலக்கிக் குடித்தாள். சேலையை மறுபடி மேசைமேல் விரித்து, வெட்டுங்க அக்கா என்றாள்.